மணிமுத்தாறும் என் தலையும்

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். மோட்டார் போட்டேன். மாடித் தொட்டி நிரம்புவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பால் காய்ச்சி, நாள்காட்டியில் தாள் கிழித்தேன். இந்த வரிசை ஒன்று மாறினாலும் அன்று முழுவதும் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு திரிவது போலவே இருக்கும் எனக்கு.

பிறகு பேப்பர்.

மற்றவர்கள் முதல் பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் நேராக உள்பக்கத்துக்குப் போவேன். அணைகளின் நீர்மட்டம்! பாபநாசம் இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை அடி, மணிமுத்தாறு இத்தனை அடி. நேற்றைவிட ஓர் அடி கூடியிருந்தால் ராத்திரி நானே குடத்தோடு போய் ஊற்றிவிட்டு வந்தது போல ஒரு பெருமிதம். உடனே அதை 'சம்பந்திகள்' என்ற எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். பெங்களூருவில் இருக்கும் என் மாப்பிள்ளை அந்தக் குழுவை ஊமையாக்கி வைத்திருக்கிறார் என்று மகள் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். இருக்கட்டும். உண்மைக்கு என்றைக்கு நிறைய வாசகர்கள் இருந்திருக்கிறார்கள்?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் அணைப் பைத்தியம் தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும், கோயிலுக்குப் போகலாமா என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே கார் சேரன்மகாதேவி ரோட்டில் இருக்கும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அணையில் தண்ணீர் நிறைய இருந்தால் நம்மை உள்ளே விடமாட்டார்கள். விடுகிறார்கள் என்றால் தண்ணீர் இருக்காது. ஆக, என் விருந்தாளிகளில் பாதிப் பேர் சேற்றைப் பார்த்தவர்கள். மீதிப் பேர் சங்கிலி போட்ட கேட்டைப் பார்த்தவர்கள். இரண்டாவது முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் குறைவு.

என் பேச்சை முழுதாக நம்பிய ஒரே மனிதர் என் சம்பந்தி சங்கரபாண்டியன். மாப்பிள்ளையின் அப்பா. திசையன்விளைப் பக்கம் செம்மண் பூமியில் விவசாயம். மணிமுத்தாறு கால்வாய் எங்கெங்கோ சுற்றி, எத்தனையோ குளங்களை நிரப்பி, கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும் குளங்களில் ஒன்று அவர் ஊருடையது. சேர்ந்தால் உண்டு. சேராவிட்டால் இல்லை.

அந்த வாரம் அவர் போன் செய்திருந்தார்.

"அண்ணாச்சி, நாத்து நடவுக்கு ரெடியா நிக்குது. கெணத்துல கெடக்க தண்ணி நாத்துக்கே சரியாப் போவுது, வயலுக்கு எங்க காணும்? குளத்துக்குத் தண்ணி வந்தாத்தான் நட முடியும். இன்னும் நாலஞ்சு நாளு பாப்பேன். வரலன்னா நாத்து முத்திப் போவும். ஆட்டை விட்டு மேய்க்க வேண்டியதுதான்."

ஊரில் வேறு யாரும் இந்த வருடம் நாற்றுக்கு விதை பாவவில்லை. இவர் ஒருவர்தான் துணிந்து பாவியிருந்தார். ஏன் துணிந்தார்? தினமும் காலையில் நான் குழுவில் போடும் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான். இதை அவர் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தில் சிலிர்த்திருக்க வேண்டும். பெருமையில் சிலிர்த்தது.

"உங்களுக்குத்தான் அணையெல்லாம் அத்துப்படியாச்சே. ஞாயித்துக்கெழம போனீங்கன்னா, எங்களுக்குத் தண்ணி தொறந்துட்டாவளான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

ஒரு சுற்றுலாப் பயணிக்கு இதைவிடப் பெரிய பதவி கிடைக்குமா?

ஞாயிறு காலை இட்லி முடிந்ததும் கிளம்பினோம். குடை, ஃபிளாஸ்க், பைனாகுலர், உட்கார ஒரு பழைய பெட்ஷீட், அதைத் துடைக்க ஒரு துண்டு. என் பையில் எதற்கும் ஓர் இடம் உண்டு. என் மனைவி காந்திமதிக்கும் ஓர் இடம் உண்டு. முன்சீட், இடதுபக்கம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஒரு ஞாயித்துக்கெழமையாவது திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போங்களேன். அங்கயும் தண்ணிதான இருக்கு?"

"கடலுக்கு நீர்மட்டம் கிடையாதே" என்றேன்.

அதன் பிறகு கல்லிடைக்குறிச்சி வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மணிமுத்தாறு அணையில் அன்று நல்ல வெயில். நல்ல தண்ணீர். அதைவிட அதிசயம், எங்களை உள்ளேயும் விட்டார்கள்! மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கேட்காமலேயே அவர்களுக்கு அணையின் நீளம், உயரம், கரையின் அகலம் எல்லாவற்றையும் விளக்கினேன். குடும்பத் தலைவர் மிகவும் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் சொன்னார்: "அதெல்லாம் சரிங்க சார்... இங்க பாத்ரூம் எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் வந்தும் தெரியவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அணையைப் பார்த்து முடித்து, கீழே இறங்கிக் கொஞ்சம் நடந்தோம். அங்கேதான் கண்டேன். ஒரு வாய்க்காலில் தண்ணீர் நுரை தள்ளிக்கொண்டு ஓடுகிறது! முந்தின முறை வந்தபோது அது காய்ந்து கிடந்தது. திறந்துவிட்டார்கள்!

"காந்தி, என்னையும் தண்ணியையும் சேர்த்து ஒரு போட்டோ எடு. சம்பந்திக்கு அனுப்பணும்."

அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஏதோ போர்டு இருக்கு, உங்க தலை மறைக்குது."

"போர்டு எதுக்கு? தண்ணி தெரிஞ்சாப் போதும். எடு."

எடுத்தாள்.

உடனே சம்பந்திக்குப் போன். "அண்ணாச்சி! திறந்தாச்சு! என் கண்ணு முன்னால தண்ணி ஓடுது!"

மறுமுனையில் போனை விலக்கி வைத்துக்கொண்டு அவர் கத்தியது எனக்குக் கேட்டது. "ஏலே... தண்ணி விட்டாச்சாம்லே! சம்பந்தி அங்கன நின்னு பாக்காவளாம்!"

"யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் காந்திமதி.

"கேட்க என்ன இருக்கு? கண்ணால பார்க்கிறேனே!"

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு இல்லாத செய்தியை அனுப்புவது என் சுபாவத்தில் கிடையாது. ஒரு புங்க இலையைப் பறித்து வாய்க்காலில் போட்டேன். அது போகும் வேகத்துக்குக் கரையிலேயே நடந்தேன், கையில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு. பிறகு நிழலில் உட்கார்ந்து, இங்கிருந்து அவர் ஊர் வரை உள்ள தூரத்தை அந்த இலையின் வேகத்தால் வகுத்தேன். வழியில் குளங்கள் உறிஞ்சுவதற்கும், மதகுகளில் தேங்குவதற்கும் தாராளமாக நேரம் ஒதுக்கினேன். விடை வந்தது. செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி.

அதையும் குழுவில் போட்டேன். எந்த ஊரை எப்போது தாண்டும் என்று ரயில் அட்டவணை மாதிரி. கீழே, வாய்க்கால் முன்னால் நான் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோ.

திங்கட்கிழமை ஆபீசில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து போட்டோ போட்டோவாக வந்துகொண்டிருந்தது. ஊரே திரண்டு குளத்துக்குத் தண்ணீர் வரும் ஓடையைச் சுத்தம் செய்கிறார்கள். உடைமுள்ளை வெட்டிப் போடுகிறார்கள். மணல் மேட்டை மண்வெட்டியால் வழிக்கிறார்கள். 'உங்க புண்ணியம் அண்ணாச்சி' என்று கீழே ஒரு வரி. அதைப் பக்கத்து சீட்காரரிடம் காட்டினேன். எதிர் சீட்காரரிடமும் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. வீடியோ கால்.

குளத்தின் வாய் தெரிகிறது. ஆண்கள் முண்டாசு கட்டி நிற்கிறார்கள். பெண்கள் தட்டில் பூ, தேங்காய், சூடம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். தண்ணீரை அப்படித்தான் வரவேற்பார்களாம். வந்ததும் பூவைத் தூவி, குலவை போட்டு உள்ளே அழைப்பார்களாம். எல்லோரும் ஓடை திரும்பும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் டிபன் தட்டோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணி தாண்டியதும், வளைவில் ஓர் அசைவு.

நாய்.

ஓடை நடுவே, சுத்தம் செய்த மணலில், பைய நடந்து வந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றது. இவ்வளவு மரியாதையை அது எதிர்பார்த்திருக்காது.

"அண்ணாச்சி..." யாரோ ஒருவர் குரல். "உங்க கணக்குல இந்த நாயி எந்த ஊரைத் தாண்டி வருது?"

சிரித்தார்கள். ஏழு மணிக்குச் சிரிப்பு நின்றது. எட்டு மணிக்குப் பெண்கள் தட்டைக் கீழே வைத்தார்கள். சம்பந்தி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"நான் வாரேன் அண்ணாச்சி. நீங்க பாத்த தண்ணியை எனக்குக் காட்டுங்க."

லீவு எழுதிக் கொடுத்தேன். வள்ளியூர் வழியாக பஸ் மாறி அவர் வந்து இறங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. காரில் ஏற்றிக்கொண்டு நேராக மணிமுத்தாறு. சேரன்மகாதேவி தாண்டியதும் அவராகவே சொன்னார்: "நான் இந்த அணையைப் பாத்ததே இல்ல."

நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"பாத்ததே இல்லையா?"

"எப்படிப் பாக்க? தண்ணி வந்த வருசம் வயல்ல வேலை. வராத வருசம் பாக்கப் புடிக்காது."

அணையின் கரையில் ஏறி நின்றார். மலை அடிவாரம் வரை தண்ணீர். வெயிலில் தகதகவென்று கிடந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இம்புட்டுமா?" என்றார் மெதுவாக. பிறகு மறுபடியும், "இம்புட்டுமா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணாச்சி, இதோட மொத்த நீளம்..." என்று ஆரம்பித்தேன்.

"அது கெடக்கட்டும். இதுல எங்களுக்கு உள்ளது எந்த மதகு வழியா வரும்?"

தெரியாது.

இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! எத்தனை அடி உயரம் என்று தெரியும். எத்தனை ஷட்டர் என்று தெரியும். எந்த மதகில் விட்ட தண்ணீர் யாருடைய வயலுக்குப் போகும்? ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. என்னைப் போன்ற ஆட்கள் தண்ணீர் நிற்கும் இடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். அது அதற்குப் பிறகு எங்கே போகிறது என்பது எங்கள் டூர் புரோகிராமில் இல்லை.

"நீங்க எங்கன நின்னு போட்டா எடுத்தீங்க?" என்றார்.

கூட்டிப்போனேன். தண்ணீர் அப்போதும் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. "பாருங்க அண்ணாச்சி, நான் பொய் சொல்லலையே?"

அவர் போனில் இருந்த போட்டோவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதே இடத்துல நில்லுங்க."

நின்றேன்.

பக்கத்தில் வந்தார். ஒரு கையை என் தோளிலும் இன்னொரு கையை என் தலையிலும் வைத்து, கடையில் பூசணிக்காயை நகர்த்துவது போலப் பக்கவாட்டில் நகர்த்தினார். எனக்குப் பின்னால் ஒரு போர்டு. மஞ்சளில் கறுப்பு எழுத்து. 'பெருங்கால்' என்று இருந்தது.

பெருங்கால் என்பது அணைக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர்களுக்கான வாய்க்கால். தனி மதகு, தனி வழி. சம்பந்தி ஊருக்குப் போகும் கால்வாய் வேறு. அதை இன்னும் திறக்கவில்லை. நான் புங்க இலையை விட்ட தண்ணீர் எந்த ஜென்மத்திலும் திசையன்விளைக்குப் போகாது.

"பெருங்கால்னு ஒண்ணு இருக்குன்னு எங்க ஊருல எல்லாருக்கும் தெரியும்" என்றார். "நீங்க அந்தத் தலையை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிருந்தீங்கன்னா, போட்டாவுலயே பாத்திருப்போம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. எல்லாவற்றையும் டைரியில் எழுதுகிறவன், அதை எழுதவில்லை.

"பொம்பளைங்க பூவோட நின்னாவ அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

அவர் காருக்குத் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையிலேயே நடக்க ஆரம்பித்தார்.

"எங்க அண்ணாச்சி?"

"வந்தது வந்தாச்சு. இது யாருக்குப் போவுதுன்னாவது பாப்போம்."

பையையும் குடையையும் ஃபிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். நல்ல தூரம் நடந்த பிறகு வயல்கள் வந்தன. உழுது, சேறாகத் தொழி கலக்கி, கண்ணாடி மாதிரித் தண்ணீர் கட்டி நின்றன. ஆனால் நடவு இல்லை. வரப்பில் ஒருவர் குந்தியிருந்து அந்த வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சம்பந்தி நின்றார். "என்னவே, தொழி கலக்கிப் போட்டுட்டு சும்மா உக்காந்திருக்கீரு?"

"எதை நட?" என்றார் அவர். "போன வாரம் பேஞ்ச மழையில நாத்தங்கால் முழுகிப் போச்சு. நாத்து பூரா அழுகல். இனிமே வெதை பாவி எப்ப நட? ஊரெல்லாம் நாத்து கேட்டுப் பாத்தாச்சு. கையளவு ஒரு முடி நாத்துகூடக் கெடைக்கல."

சம்பந்தி திரும்பி என்னைப் பார்த்தார். அன்று முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"எங்கிட்ட இருக்குவே. நடவுக்கு ரெடியா நிக்குது."

"எங்க?"

"திசையன்விளைப் பக்கம்."

"அம்புட்டுத் தூரத்துலருந்தா? அங்க தண்ணி ஏது?"

"அதான் இல்ல. அதுக்குத்தான் நாத்து இங்க வருது."

வரப்பில் இருந்தவர் எழுந்து நின்றார். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பாதிதான் புரிந்தது. என்ன ரகம், எவ்வளவு உயரம், வேர் எப்படி... இருவரும் வரப்பிலேயே பேசி முடித்துவிட்டார்கள். என் ஃபிளாஸ்க்கிலிருந்து ஆளுக்கு அரை டம்ளர் காபி கொடுத்தேன். என் பங்களிப்பு அது.

"அப்போ உங்க வயலுக்கு அண்ணாச்சி?" என்றேன்.

"உளுந்து வெதைச்சிக்கிடுதேன். ரெண்டு மழை பேஞ்சாக்கூட வந்திரும். நாத்துதான் பச்சப்புள்ள மாதிரி. அது ஆட்டு வாயில போவாம இருந்தாப் போதும்."

ஊருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"ஏலே, அது பெருங்கால் தண்ணிலே. போர்டை சம்பந்தி தலை மறைச்சிட்டு."

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "அந்தத் தலையை அங்கனயே மதகுல அடைப்புக்கு வச்சிட்டு வரச் சொல்லும்வே!" என்றது ஒரு குரல். காலையில் நாயைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான்.

சிரிப்புக்கு நடுவே சம்பந்தி நாற்று விஷயத்தைச் சொன்னார். சாயங்காலத்துக்குள் பறித்து முடி கட்டி லோடு ஆட்டோவில் ஏற்ற வேண்டும் என்றார். ஒரு பெண்குரல் போனை வாங்கியது. என் சம்பந்தியம்மா. "பூவும் போச்சு, தேங்காயும் போச்சு. இனி நாத்துப் பறிக்கவும் வரணுமாக்கும்? சரி, எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன். நீங்க அங்கன அண்ணாச்சியோட நின்னு இன்னொரு போட்டா புடிச்சிட்டு வாங்க!"

சம்பந்தி அன்று எங்கள் வீட்டில் தங்கினார். நடந்ததை எல்லாம் காந்திமதியிடம் சொன்னேன். அவள் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லவில்லை. சாதம் பரிமாறும்போது என் தலையை மட்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

மறுநாள், நவம்பர் 19, புதன்கிழமை. எழுந்த உடனேயே மணிமுத்தாறுக்குக் கிளம்பிவிட்டோம். மோட்டார் போடவில்லை. தாள் கிழிக்கவில்லை. லோடு ஆட்டோ எங்களுக்கு முன்பே வந்து ரோட்டோரம் நின்றது. ஈரச்சாக்கு மூடிய நாற்று முடிகள், பச்சைப்பசேல் என்று. அந்த ரோட்டிலிருந்து வயலுக்கு வரப்புதான் வழி. வண்டி போகாது. ஆள்தான் சுமக்க வேண்டும்.

நான் குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். வேடிக்கை பார்ப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

சம்பந்தி என் கையிலிருந்து குடையை வாங்கி மடக்கி, ஆட்டோவுக்குள் வைத்தார். தன் துண்டைச் சும்மாடாகச் சுற்றி என் உச்சியில் வைத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு கட்டு நாற்றைத் தூக்கி அதன் மேல் ஏற்றினார்.

"இந்தத் தலைதான மறைச்சுது? சுமக்கட்டும். வரப்பு வழுக்கும் அண்ணாச்சி, பைய போங்க."

பைய நடந்தேன். மூக்குக்கண்ணாடியில் நீர் வழிந்தது. சட்டை நனைந்தது. முன்னால் இரண்டு அடி வரப்பைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

அன்று காலை மணிமுத்தாறில் எத்தனை அடி தண்ணீர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.